1873 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு மேம்பட்ட சைட் பொருத்தும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிகள் அந்நாட்டு இராணுவத்தின் கையிருப்பில் மலைபோலக் குவிந்திருந்தன. அவற்றைப் பின்வழியே தோட்டா இடும் துப்பாக்கிகளாக மாற்றுவதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் தலைமைக் கைவினைஞர் எர்ஸ்கின் ஆலின் வகுத்த அமைப்பே, பின்வாயில் மேல்நோக்கித் திறக்கும் கதவு போன்ற அடைப்பைக் கொண்ட 'ட்ராப்டோர்' ஆகும். அந்த வரிசையில் 1873இல் வந்த ரைஃபிள், 45-70 என்னும் தோட்டாவுக்காகப் புதிதாகவே செய்யப்பட்டது. 405 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும், 70 கிரெய்ன் கருமருந்தும் அத்தோட்டாவின் அளவுகள். 1898ஆம் ஆண்டு ஸ்பானியப் போரில்கூட மாநிலத் தன்னார்வப் படையினர் பலர் இதையே தோளில் சுமந்து சென்றனர். அவற்றுள் கணிசமானவை இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் உள்ள பயிற்சிக் களங்களில் கருமருந்தைக் கொண்டு சுடப்பட்டும் வருகின்றன.

இந்த ரைஃபிளைக் களத்துக்கு எடுத்துச் செல்லும் எவரும் முதல் நாளே ஒன்றைக் கவனிப்பார்கள். குழலின் மேலுள்ள குறிபார்க்கும் உறுப்புகளான இரண்டு சைட்டுகளில், பின் சைட்டை அதன் தாழ்ந்த நிலையில் வைத்து 100 மீட்டர் இலக்கின் நடுவைக் குறிவைத்தால், குண்டு நடுவுக்கு வெகு மேலே போய்ப் பதிகிறது. இதைத் துப்பாக்கியின் பழுது என்று கருதுவது தவறு. இந்தச் சைட் படைவீரனுக்காக அளவிடப்பட்டது. அவனுடைய இலக்கு பெரும்பாலும் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆள் உயர உருவம். காகித வட்டத்தின் நடுவைத் தேடும் இன்றைய சுடுநருக்குத் தேவைப்படுவது வேறு. அதோடு, முன் சைட்டின் தகடு மெல்லியது, குட்டையானது. பின் சைட்டின் வெட்டு சிறியது. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு இவ்விரண்டையும் இலக்கையும் ஒருசேரத் தெளிவாகக் காண்பது கடினம்.

இவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் நூற்று ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு பொருளில் கைவைக்கும்போது, செய்வது எதுவாக இருந்தாலும் அதைப் பின்னர் முழுமையாக நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயல வேண்டும் என்ற ஒரே விதியை விட்டு விலகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழலில் புதிதாக ஒரு துளை, பின்வாய்க்குப் பின்னே கட்டையின் மேல் நீளும் வால்பகுதியில் ஒரு புதிய மரை, மூலத் தகட்டின் மேல் ஒரு அர இழுப்பு ஆகிய எதுவும் கூடாது. இவற்றைச் செய்யாமலேயே மிக நல்ல சைட்டைப் பெற முடியும்.

தொடங்கும் முன்

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம். பிரிட்டனில் ஒரு தொன்மைத் துப்பாக்கியை அலங்காரமாக வைத்திருப்பது வேறு, அதைச் சுடுவது வேறு. சுடுவதற்குச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில், பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள தொன்மை ஆயுதத்துக்கு மட்டுமே ஆயுதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியதாக இருந்தால் அதற்கு உரிமம் தேவை. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை எழுத்து வடிவில் தெரிந்துகொண்ட பின்னரே வேலையில் இறங்குங்கள்.

அடுத்து, பின்வாய்க் கதவைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். வேலை மேசை இருக்கும் அறையிலேயே தோட்டாக்களை வைக்க வேண்டாம். இந்த ரைஃபிளில் கருமருந்து மட்டுமே பயன்படுத்த வேண்டும். புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்காக இதன் பின்வாய் வடிவமைக்கப்படவில்லை.

சைட்டில் குறை காண்பதற்கு முன் துப்பாக்கியைச் சோதிப்பது அவசியம். கதவை மூடியதும் அதன் தாழ் முழுமையாக இறங்கி இறுகுகிறதா, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியான குதிரை பாதி நிலையில் அசையாமல் நிற்கிறதா, குழலைக் கட்டையோடு பிணைக்கும் வளையங்கள் தளர்ந்துள்ளனவா, பின் சைட்டின் திருகுகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். குழல்வாயின் உள்விளிம்பைப் பூதக்கண்ணாடியால் நிதானமாக ஆராயுங்கள். தலைமுறை தலைமுறையாக இரும்புக் கம்பியை வாய்வழியே விட்டுத் துடைத்ததால் அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், எந்தச் சைட்டும் குண்டுகளை ஓரிடத்தில் குவிக்காது. குழலின் உள்ளளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தோட்டாவுக்கான குண்டின் விட்டம் பெயரளவில் 11.63 மி.மீ. என்றாலும், ட்ராப்டோர் குழல்கள் பலவற்றில், குண்டைச் சுழல வைக்கக் குழலின் உள்ளே வெட்டிய புரிப்பள்ளத்தின் அளவு அதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதுண்டு. மென்மையான தூய ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வழியே மெல்லத் தள்ளி எடுத்து, வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதற்கு ஏற்ற விட்டமுள்ள குண்டைத் தேர்ந்தெடுங்கள். குழலுக்குச் சிறுத்த குண்டு எங்கெங்கோ சிதறும்போது அதைச் சைட்டின் பிழை என்று கருதி அரத்தை எடுப்பவர்கள் உண்டு. அந்த அரவேலை வீணாகவே போகும்.

முதலில் சுடுங்கள், பிறகு அளவிடுங்கள்

மணல் மூட்டையின் மேல் முன்கட்டையைத் தாங்கி வைத்து, 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் கொண்ட இரண்டு தொகுதிகளாவது சுட வேண்டும். மூட்டை ஒவ்வொரு முறையும் கட்டையின் ஒரே இடத்தில் இருக்கட்டும். குழலையே கடினமான பொருளின் மேல் சாய்த்தால் குண்டு பதியும் இடம் மாறிவிடும். எண்ணெய் பூசித் துடைத்த குழலின் முதல் குண்டு தனிப்போக்கில் செல்லும் என்பதால், முதல் ஒன்றிரண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கருமருந்தின் கசடு வெப்பத்தில் காய்ந்து கட்டியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைப்பதையோ, அறையில் பொருந்தும் ஊதுகுழாய் வழியே சில மூச்சுக் காற்றை விடுவதையோ ஒரே சீராகச் செய்யுங்கள். வட்டத்தின் நடுவைக் குறிவைப்பீர்களா, அதன் கீழ்விளிம்பில் தகட்டின் முனையை நிறுத்துவீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் கணக்கு முழுவதும் மாறும்.

கணக்கு எளிமையானது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தை, குண்டு விலகிய அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், சைட்டில் செய்ய வேண்டிய மாற்றம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சைட்டுகளின் இடைநீளம் 700 மி.மீ., குண்டு 100 மீட்டரில் 250 மி.மீ. மேலே பதிகிறது என்று கொண்டால், 700ஐ 250ஆல் பெருக்கி, 1,00,000 மி.மீட்டரால் வகுக்க, 1.75 மி.மீ. வருகிறது. முன் தகடு அவ்வளவு உயர வேண்டும். இதே துப்பாக்கியில் தகட்டின் உயரம் 0.1 மி.மீ. மாறினால், இலக்கில் குண்டு ஏறத்தாழ 1.4 செ.மீ. நகரும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அரத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் உங்கள் கையை அடக்கி வைக்கப்போவது இதுதான்.

திசையில் குழப்பம் வராமல் இருக்க ஒரு விதி போதும். முன் சைட் குண்டு போன பக்கமாகப் போக வேண்டும். பின் சைட் குண்டு எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர வேண்டும். குண்டு மேலே போகிறது என்றால் முன் தகடு உயர வேண்டும், அல்லது பின் சைட் தாழ வேண்டும். இந்த ரைஃபிளின் பின் சைட் ஏற்கெனவே தன் தாழ்ந்த நிலையில் இருப்பதால், முன் தகட்டை உயர்த்துவதே வழி.

முன் தகடு

இந்த ரைஃபிளை வடிவமைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. குழலோடு பற்றவைக்கப்பட்ட சிறிய இரும்புக் குமிழில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டு, அதில் தகடு செருகப்பட்டு, குறுக்கே ஓர் ஊசியால் இறுக்கப்பட்டுள்ளது. ஊசியைத் தட்டி எடுத்தால் தகடு கழன்று வரும். மூலத் தகட்டை அரத்தால் தொடவோ, அதன் மேல் உலோகத்தைப் பற்றவைத்து உயர்த்தவோ எந்தத் தேவையும் இல்லை. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே பள்ளத்தில் உயரமான வேறொரு தகட்டை வைக்கலாம்.

தகட்டைக் கழற்றுவதற்கு முன், உயரம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு தற்காலிக வழி உண்டு. மெல்லிய பித்தளைத் தகட்டை மூலத் தகட்டின் மேல் உறைபோல மடித்துக் கவிழ்த்து, பக்கங்களை விரலால் அழுத்தி இறுக்கிச் சில குண்டுகள் சுட்டுப் பாருங்கள். அதிர்வில் அது கழன்று போகலாம் என்பதால் இதை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ளக் கூடாது. கணக்கில் பெரிய பிழை இல்லை என்பதை உறுதிசெய்ய இது உதவும்.

ஊசியை எடுக்கும் வேலைக்கு அவசரம் ஆகாது. துரு இளக்கும் எண்ணெயை ஊசியின் இரு முனைகளிலும் ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவோ இரண்டு இரவோ ஊற விடுங்கள். குழலைத் தோல் ஒட்டிய மரத்துண்டுகளுக்கு இடையே வைஸில் மென்மையாகப் பிடித்து, குமிழின் மறுபக்கத்துக்கு ஈயத்தாலோ கடின மரத்தாலோ முட்டுக் கொடுத்த பின்னரே தட்ட வேண்டும். முட்டு இல்லாமல் தட்டினால், ஒவ்வொரு அடியும் குமிழைக் குழலோடு பிணைத்திருக்கும் பற்றவைப்பின் மேல் விழும். பஞ்ச்சின் முனை ஊசியைவிடச் சற்றுச் சிறியதாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். சிறிய சுத்தியலால் இரண்டு மூன்று இலேசான தட்டுகளில் அசையாவிட்டால், மறுபக்கத்திலிருந்து முயன்று பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் மேலும் ஒரு நாள் எண்ணெயில் விடுங்கள். பலமாக அடிப்பதால் ஊசியின் தலை விரிந்து இன்னும் இறுகிக்கொள்ளும்.

வெளியே வந்த தகட்டின் நீளம், தடிப்பு, பள்ளத்துக்குள் இருக்கும் நாக்கின் ஆழம், ஊசித்துளையின் இடம் ஆகியவற்றைக் காலிப்பரால் அளந்து எழுதிவையுங்கள். புதிய தகட்டை மென் எஃகில் செய்வது எனக்குப் பிடித்தமானது. பித்தளையும் எளிதாக அறுபடும் என்றாலும், வெயிலில் அது மின்னிக் குறியைக் கெடுக்கும். பள்ளத்தின் அகலத்தைவிடத் தடிப்பான எஃகுத் துண்டை எடுத்து, கீழே நாக்கை மட்டும் பள்ளத்துக்கு ஏற்ப அரத்தால் மெலிதாக்கினால், மேற்பகுதியை உங்கள் கண்ணுக்கு ஏற்ற தடிப்பில் வைத்துக்கொள்ளலாம். கண்ணிலிருந்து 1.1 மீட்டர் தொலைவில் உள்ள 1.5 மி.மீ. தடிப்பான தகடு, 100 மீட்டரில் ஏறத்தாழ 14 செ.மீ. அகலத்தை மறைக்கும் என்பதைக் கருத்தில் கொண்டு இலக்கின் வட்டத்தோடு ஒப்பிட்டுத் தடிப்பை முடிவு செய்யுங்கள்.

இந்தத் தடித்த துண்டில் இன்னொரு வசதியும் அடங்கியிருக்கிறது. 1873ஆம் ஆண்டுப் பின் சைட்டில் பக்கவாட்டுத் திருத்தம் கிடையாது. முன் தகடோ அசையாத பள்ளத்தில் நிற்கிறது. உங்கள் துப்பாக்கி தொடர்ந்து இடப்பக்கம் சுடுகிறது என்றால், நாக்கைத் துண்டின் நடுவில் விடாமல் வலப்பக்கமாக ஒதுக்கி அறுத்தால், மேற்பகுதி பள்ளத்துக்குச் சற்று இடப்பக்கமாக நிற்கும். குண்டு வலப்பக்கம் திரும்பும். மேலே சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும்.

நாக்கு பள்ளத்தில் விரல் அழுத்தத்துக்கு இறங்க வேண்டும். ஆட்டமும் இருக்கக் கூடாது, சுத்தியலும் தேவைப்படக் கூடாது. எந்த இடம் உரசுகிறது என்பதைக் காண, நாக்கில் விளக்குக் கரியைப் பூசிச் செருகி எடுத்துப் பாருங்கள். கரி அழிந்த இடத்தில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். ஊசித்துளைக்கு இடம் குறிக்க, தகட்டைப் பள்ளத்தில் இறுக்கமாக அமர்த்தி, குமிழின் துளை வழியே கூர்முனைக் கம்பியை விட்டு ஒரு புள்ளி பதித்துக்கொண்டு, தகட்டை வெளியே எடுத்துத்தான் துளையிட வேண்டும். குமிழின் துளைக்குள்ளேயே டிரில்லை விட்டால் நூறாண்டு கண்ட அந்தத் துளை பெரிதாகிவிடும். மூல ஊசி பிறகு அங்கே நிற்காது. புதிய தகட்டுக்கு அதே விட்டத்தில் புதிய ஊசி ஒன்றையும் செய்துகொள்ளுங்கள்.

கணக்கில் வந்த உயரத்தைவிட 1.5 மி.மீ. கூடுதலாக விட்டு முதல் முறை களத்துக்குச் செல்லுங்கள். குண்டு இப்போது தாழ்வாகப் பதியும். அதுவே சரியான தொடக்கம். தகட்டின் உச்சியை மட்டமாக, ஒவ்வொரு முறையும் ஓரிரு இழுப்புகள் மட்டும் அரத்தால் குறைத்து, மூன்று நான்கு குண்டுகள் சுட்டு, குண்டுக் குவியல் மேலேறி வருவதைக் கவனியுங்கள். நடுவை எட்ட 3 செ.மீ. இருக்கும்போது அரத்தை வைத்துவிட்டு உப்புத்தாளுக்கு மாறுங்கள். அன்றைய வெப்பமும் உங்கள் தோளின் சோர்வும் அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கக்கூடியவை என்பதால், கடைசித் திருத்தத்தை இன்னொரு நாள் காலையில் செய்வது நல்லது.

தகட்டில் சுடுபவரை நோக்கிய முகம் செங்குத்தாகவோ, மேல்விளிம்பு சற்றே அவர் பக்கம் சாய்ந்தோ இருந்தால், வானத்து ஒளி அதில் பட்டுத் தெறிக்காது. ஒளி தெறிப்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். வெயில் வலப்பக்கத்திலிருந்து வீசும்போது தகட்டின் வலவிளிம்பு மின்னுகிறது; கண் அந்த மின்னும் பகுதியையே தகடு என்று எடுத்துக்கொண்டு வெட்டின் நடுவில் நிறுத்துகிறது; குண்டு இடப்பக்கம் போகிறது. தகட்டுக்கு நிறமேற்றி முடித்த பிறகும், சுடுவதற்கு முன் கற்பூரச் சுடரின் கரியைப் படியவிட்டால், ஒளியை விழுங்கும் பளபளப்பற்ற கருமை கிடைக்கும். தோட்டாவும் மருந்தும் இருக்கும் மேசையை விட்டு வெகு தூரம் தள்ளி நின்று இதைச் செய்யுங்கள்.

ரைஃபிளில் குழாய்க்கழுத்துள்ள ஈட்டிமுனை பொருத்தும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஈட்டிமுனை இந்தக் குமிழிலேயே பூட்டிக்கொள்கிறது, உயரமான தகடு அதன் வழியை மறிக்கும். அப்போது மூலத் தகட்டை மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பின் சைட்

முன் தகடு ஒன்றை மாற்றியதிலேயே பலருக்குத் தேவை நிறைவேறிவிடும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையே வழி காட்டியிருக்கிறது. அதன் தலைவராக இருந்த அடெல்பர்ட் பஃபிங்டன் வகுத்து 1884இல் ஏற்கப்பட்ட பின் சைட்டில், திருகைச் சுழற்றிப் பக்கவாட்டில் நகர்த்தும் வசதியும், வெட்டுகளோடு சேர்ந்து பார்வைத் துவாரமும் உண்டு. பழைய சைட்டுக்குப் பதிலாக இதைப் பொருத்துவது, அதே துப்பாக்கிக் குடும்பத்தின் பிற்கால உறுப்பை முந்தையதில் வைப்பதே ஆகும். மூலச் சைட்டைப் பத்திரப்படுத்தினால் எந்த இழப்பும் இல்லை. ரைஃபிளுக்கான சைட்டில் ஆர் என்னும் எழுத்தும், குட்டைக் குழல் கொண்ட கார்பைனுக்கானதில் சி என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டின் தூர அளவீடுகளும் வேறு. வாங்கும்போது இந்த எழுத்தைப் பாருங்கள்.

பின் சைட் இரண்டு திருகுகளால் குழலில் நிற்கிறது. திருகின் பிளவை முழு அகலத்துக்கும் முழு ஆழத்துக்கும் நிறைக்கும் திருப்புளி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பக்கங்கள் கூம்பாகச் சரியும் சாதாரணத் திருப்புளி மேலெழும்பி வந்து பிளவின் விளிம்பைச் சிதைத்துவிடும். தேவையானால் திருப்புளியின் முனையை இணைபக்கங்களாக அரத்தால் தீட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயில் ஊறியும் அசையாத திருகின் தலையில் சால்டரிங் இரும்பின் சூடான முனையைச் சில நிமிடம் வைத்து எடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

புதிய சைட்டின் அடிப்பாகத்தைக் குழலின் மேல் வைத்து, துளைகளின் இடைவெளி சரியாக அமைகிறதா, அடிவளைவு குழலின் வளைவோடு ஒளி புகாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்தச் சைட் உங்கள் துப்பாக்கிக்கு உரியதன்று. குழலைத் திருத்துவது பற்றி எண்ணவே வேண்டாம். இரண்டு திருகுகளும் ஒரே நீளம் என்றும் எண்ணக் கூடாது. குழலில் உள்ள துளைகள் ஊடுருவாத துளைகள். நீளமான திருகு அடியில் முட்டி நின்றால், வெளியே இறுகியதுபோலத் தோன்றினாலும் சைட் ஆடிக்கொண்டே இருக்கும், மேலும் இறுக்கினால் குழலின் உட்சுவருக்கே கேடு நேரும். துளையின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, திருகின் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டு இறுக்குங்கள். அடியில் மெழுகைப் பூசி அமர்த்தினால், கருமருந்தின் உப்புக் கசடும் ஈரமும் உள்ளே புகுந்து துருப்பிடிக்காது.

துவாரத்தின் அளவு, அது கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணுக்கு அருகில் நிற்கும் சைட்டில் 1 மி.மீ. அளவுள்ள துவாரம் அருமையாக வேலை செய்யும். குழலின் மேல், கண்ணிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும் சைட்டில் அதே துவாரம் இருண்டு போகும். அங்கே 2 மி.மீட்டரும் அதற்குச் சற்று மேலும் தேவைப்படலாம்.

வால்பகுதியில் நிற்கும் வெர்னியர் சைட்

நெடுந்தூரம் சுட விரும்புவோருக்குக் கண்ணருகே நிற்கும் வெர்னியர் சைட்டுக்கு, அதாவது நுண்ணளவு குறித்த நிமிர்ந்த தண்டில் துவாரம் ஏறி இறங்கும் சைட்டுக்கு, இணையானது இல்லை. இது பிற்காலத்து ஒட்டுவேலை அன்று. அந்தக் காலத்துக்கே உரியது. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் களத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜத் தூரங்களில் மோதியபோது, இவ்வகைச் சைட்டுகளே இத்தனை தூரத்தையும் அளந்து சுடுவதைச் சாத்தியமாக்கின. ரிக்பி செய்த வாய்வழித் துப்பாக்கிகளோடு வந்த அயர்லாந்து அணி 931 புள்ளிகளும், ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களோடு நின்ற அமெரிக்க அணி 934 புள்ளிகளும் பெற்றன. அயர்லாந்து அணியின் மில்னர் சுட்ட ஒரு குண்டு நடுவட்டத்தைத் துளைத்தும், அது பக்கத்து இலக்கின் நடுவட்டம் என்பதால் கணக்கில் சேராமல் போனது. நடுவட்டத்துக்கு அன்று நான்கு புள்ளி; அது சேர்ந்திருந்தால் அயர்லாந்து அணியே முந்தியிருக்கும்.

ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்களின் விளையாட்டு ரைஃபிள்கள் பலவற்றில் வால்பகுதியில் இதற்கான மரைத்துளைகள் ஏற்கெனவே இருக்கும். உங்களுடையதில் அவை இருந்தால், துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கான இடைவெளியையும் மரையின் அளவையும் அளந்து அதற்குப் பொருந்தும் அடிப்பாகத்தை வாங்குங்கள். இராணுவ ரைஃபிளில் துளைகள் இல்லை என்றால், அங்கேயே நின்றுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வால்பகுதியில் துளையிட்ட மூல ட்ராப்டோர் மீண்டும் மூலமாக ஆவதில்லை. அந்த ஆசை தீராதவர்கள், இதே வடிவில் இன்று செய்யப்படும் புதிய பிரதியை வாங்கி அதில் துளையிடுவது நேர்மையான வழி.

பொருத்தும்போது மூன்றைப் பாருங்கள்: குதிரையை முழுமையாகப் பின்னிழுத்தால் அது சைட்டில் இடிக்கக் கூடாது, பின்வாய்க் கதவோ அடைப்போ தடையின்றித் திறக்க வேண்டும், சுடும் நிலையில் கன்னத்தை வைத்தால், பின்னுதைப்பில் கண்ணை வந்து இடிக்காத தொலைவில் துவாரம் இருக்க வேண்டும். சைட்டுகளின் இடைநீளம் 873 மி.மீ. என்று அமைந்தால், வெர்னியரில் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு மாற்றம் சரியாக ஒரு மினிட் கோணம் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆகும்; அதாவது 100 மீட்டரில் 2.9 செ.மீ.

தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதில் சமரசம் ஆகாது. தண்டில் 60 மினிட் உயர்த்தியிருக்கும் நிலையில் துப்பாக்கி 2 பாகை சாய்ந்தால், குண்டு பக்கவாட்டில் ஏறத்தாழ 2.1 மினிட் விலகும். 500 மீட்டரில் இது 30 செ.மீ. ஆகும். சோதிப்பதற்கு, 20 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டைக் காற்று படாத இடத்தில் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை மென்மையான தாங்கிகளில் நிறுத்தி, பின்வாயின் தட்டைப் பகுதியில் ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, துவாரத்தைத் தண்டின் அடியிலிருந்து உச்சி வரை ஏற்றிக்கொண்டே பாருங்கள். முன் சைட்டின் வளையம் நூலை விட்டு விலகாமல் இறங்கினால் தண்டு நேராக நிற்கிறது. விலகினால் அடிப்பாகத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். முன் சைட்டிலும் சிறிய ரசமட்டம் ஒன்று இருந்தால், களத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் சாய்வைக் கண்டுகொள்ளலாம்.

இவ்வகை ரைஃபிள்களில் முன் சைட் பெரும்பாலும் புறாவால் வடிவப் பள்ளத்தில் நிற்கிறது. அமெரிக்க வழக்கப்படி, சுடுபவரின் பார்வையில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகச் செருகி, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகத் தட்டி எடுப்பார்கள். வளையம் கொண்ட புதிய சைட் பெரிதாக இருந்தால், தேய்க்க வேண்டியது சைட்டின் அடியையே; குழலின் பள்ளத்தை அன்று. முக்கோண அரத்தின் ஒரு பக்கத்தை மழுங்கத் தீட்டிக்கொண்டால், சரிவை மட்டும் தேய்க்கும்போது அடித்தளம் அறுபடாது. கையால் தள்ளி மூன்றில் ஒரு பங்கு நுழைந்து நின்றால், மீதியைப் பித்தளைத் துண்டின் மேல் தட்டி உள்ளே அனுப்பலாம். நடு நிலை உறுதியானதும் சைட்டிலிருந்து குழலுக்கு ஒரு மெல்லிய பென்சில் கோடு இழுத்து வைத்தால், நகர்ந்தால் தெரியும். குழலில் உளியால் கோடு வெட்ட வேண்டாம்.

பதிவும் பாதுகாப்பும்

100, 150, 200 மீட்டர் தூரங்களுக்கான சைட் நிலைகளை, அன்றைய மருந்தின் எடை, குண்டின் எடை, வெப்பம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மருந்தின் அளவை மாற்றினால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் புதிய பக்கம் தொடங்க வேண்டும்.

சுட்டு முடித்த அன்றே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுங்கள். முன் தகட்டின் பள்ளத்திலும் பின் சைட்டின் மூலைகளிலும் நீர் தங்கும். மெல்லிய தூரிகையால் அதை ஒற்றி எடுத்த பிறகே எண்ணெய் விட வேண்டும். மறுநாள் ஒருமுறை பார்த்து, செம்பழுப்புப் பொடி தென்பட்டால் மீண்டும் துடைக்க வேண்டும்.

கழற்றிய மூலத் தகடு, ஊசி, பின் சைட், அதன் இரண்டு திருகுகள் ஆகியவற்றுக்கு எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் தனித்தனியே சுற்றி, துப்பாக்கியின் தொடர் எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதிய உறையில் போட்டு, துப்பாக்கியின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். முன் திருகு எது, பின் திருகு எது என்பதும் அந்த உறையில் எழுதப்பட்டிருக்கட்டும். துப்பாக்கி கைமாறும் நாளில் உறையும் அதனுடன் போக வேண்டும்.